மேடையில் ஒரு நாடு – 5: மூன்று புள்ளி வாங்கிய பாட்டு

1964-ல் கோபன்ஹேகனில் நடந்த யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் போர்ச்சுகலின் அன்டோனியோ கல்வாரியோ ஒரு புள்ளிகூட இல்லாமல் ஊர் திரும்பியதைப் போன வாரம் பார்த்தோம். இந்த வாரம் போர்ச்சுகலின் 2017 வெற்றி என்று சொல்லியிருந்தேன். ஆனால் நடுவில் 1974 நிற்கிறது. அதைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

அந்த ஆண்டு ஏப்ரல் 6, இங்கிலாந்தின் பிரைட்டன் நகரம். ஸ்வீடனின் ‘ஆப்பா’ குழு ‘வாட்டர்லூ’ பாடி ஜெயித்த யூரோவிஷன் அது. அதே மேடையில் போர்ச்சுகலுக்காகப் பாடினார் பாவ்லோ டி கார்வாலோ. ஜோசே நிசா எழுதிய, பிரிவைச் சொல்லும் காதல் பாட்டு. கிடைத்தது 3 புள்ளி. அதே 3 புள்ளியோடு நார்வே, மேற்கு ஜெர்மனி, சுவிட்சர்லாந்தும் கடைசி இடத்தைப் பங்குபோட்டுக்கொண்டன.

பதினெட்டு நாள் கழித்து, ஏப்ரல் 24 இரவு 10.55. லிஸ்பன் வானொலி ஒன்றில் அறிவிப்பாளர் ஜோவாவ் பாவ்லோ டினிஸ், பதினொரு மணிக்கு இன்னும் ஐந்து நிமிடம் என்று நேரம் சொல்லிவிட்டு இந்தப் பாட்டைப் போட்டார். வீடுகளில் கேட்டவர்களுக்கு அது பழகிய பாட்டு. முகாம்களில் வானொலியும் கையுமாக உட்கார்ந்திருந்த இளம் ராணுவ அதிகாரிகளுக்கோ அது உத்தரவு: தயாராகுங்கள்!

அங்கோலா, மொசாம்பிக், கினி-பிசாவு என்று ஆப்பிரிக்கக் காலனிகளில் 1961-லிருந்து நடந்த போரில் வெறுத்துப்போனவர்கள் அவர்கள். ஒட்டேலோ சரைவா டி கார்வாலோ என்ற மேஜர் திட்டத்தை வகுத்தார். பல முகாம்களுக்கும் ஒரே நொடியில் சேதி போக வேண்டும். ரகசியப் போலீசுக்குச் சந்தேகமும் வரக் கூடாது. கலகக்காரப் பாட்டு என்றால் அவர்கள் காதைத் தீட்டிக்கொள்வார்கள். யூரோவிஷனில் தோற்ற காதல் பாட்டை எவன் கவனிப்பான்? பாடியவருக்கே விஷயம் தெரியாது. இந்தத் தேர்வை நினைக்க நினைக்க எனக்கு வியப்பு அடங்கவில்லை.

அந்த வானொலி லிஸ்பன் வட்டாரத்தைத் தாண்டி எட்டாது. நாடு முழுக்க இரண்டாவது சைகை வேண்டியிருந்தது. நள்ளிரவு 12.20-க்கு, கத்தோலிக்கத் திருச்சபையின் ரேடியோ ரெனசென்சாவில் ஜோசே அஃபோன்சோவின் ‘கிராந்துலா’ ஒலித்தது. புறப்படுங்கள் என்று அர்த்தம். 1971-ல் பிரான்சின் எருவில் மாளிகையில் பதிவான பாட்டு அது. குரல் வருவதற்கு முன்னால் சரளைக்கல்லில் பலர் சேர்ந்து நடக்கும் சத்தம் கேட்கும். சரக், சரக் என்று ஒரே தாளத்தில். பதிவின்போது கலைஞர்கள் சரளையில் நிஜமாகவே நடந்து எடுத்த ஒலி அது. அந்தக் காலடிகளைக் கேட்டுத்தான் படைகள் கிளம்பின. விடிவதற்குள் சான்டரெய்ம் குதிரைப்படைப் பள்ளியின் கவச வண்டிகள் தலைநகருக்குள் வந்துவிட்டன. அன்று மாலையே பிரதமர் மார்செலோ கயித்தானோ சரணடைந்தார். 48 ஆண்டுச் சர்வாதிகாரம் ஒரே நாளில் சரிந்தது. துப்பாக்கி முனைகளில் கார்னேஷன் பூ ஏறிய படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இதையும் சொல்லிவிடுகிறேன். அதே பிரைட்டனில் இரண்டாம் இடம் பிடித்த இத்தாலியின் ஜில்யோலா சின்குவெட்டியின் பாட்டுக்குப் பெயர் ‘ஆம்’. விவாகரத்துச் சட்டத்தின் மீது மே மாதம் பொது வாக்கெடுப்பு வரவிருந்ததால், வாக்காளர்களைச் சாய்த்துவிடும் என்று பயந்து இத்தாலியத் தொலைக்காட்சி அதை ஒளிபரப்பாமல் வைத்திருந்தது. அங்கே அரசு பயந்த பாட்டால் எதுவும் நடக்கவில்லை. லிஸ்பனில் அரசு கண்டுகொள்ளாத பாட்டு ஆட்சி கவிழச் சைகை கொடுத்தது.

மறு ஆண்டு ஸ்டாக்ஹோமுக்குப் போர்ச்சுகல் அனுப்பியது துவார்த்தே மென்டஸை. அந்தப் புரட்சியில் பங்கெடுத்த ராணுவ கேப்டன்! விடியலைப் பற்றிய ‘மத்ருகாதா’ பாடி 16 புள்ளியோடு 16-ஆம் இடம் பிடித்தார். அவரைப் பற்றி இன்னும் எழுதலாம்; பக்கம் தீர்ந்துவிட்டது.

2017 கீவ் நகரமும் 758 புள்ளியும் அடுத்த வாரம். இதய நோயால் முன்கூட்டிப் போக முடியாத தம்பி சல்வடோர் சோப்ரலுக்காக, ஒத்திகை மேடையில் அக்கா லூயிசா பாடியதிலிருந்து தொடங்குவோம்.

(தொடரும்)