5400 சுற்றில் சிக்கிய லப்டொப்

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் பூட்டும் எஸ்.எஸ்.டி. விற்கும் கடைகளின் கண்ணாடிப் பெட்டிகளைப் பார்த்தால், உறைகளின் முகப்பில் ஓர் எண் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும். ஒன்றில் 550, இன்னொன்றில் 3500, விலை கூடியதில் 7000. செக்கனுக்கு எத்தனை மெகாபைட் வாசிக்கும் என்ற கணக்கு அது. வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் பஸ் ஏறி வருகிற பெற்றோர் பெரும்பாலும் பெரிய எண்ணைத்தான் கேட்கிறார்கள். இழுபடத் தொடங்கிய, பிள்ளையின் ஏழெட்டு வருடப் பழைய லப்டொப்புக்கு அந்தப் பெரிய எண்ணால் அநேகமாக ஒரு பயனும் இல்லை. அதற்கு வந்திருக்கும் நோய் வேறு.

நோய் எதுவென்று அறிய லப்டொப்பின் வயிற்றுக்குள் போக வேண்டும். அடிமூடியைக் கழற்றினால் உள்ளங்கைக்குள் அடங்கும் ஓர் உலோகப் பெட்டி கிடைக்கும். 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க் என்பது இதுதான். பெரும்பாலானவற்றின் மேல் சின்னத் துளை ஒன்றும், அதை அடைக்க வேண்டாம் என்ற எச்சரிக்கையும் இருக்கும். உள்ளே காற்று வேண்டும், வெளியே உள்ள அழுத்தத்தோடு அது ஒத்துப்போகவும் வேண்டும்; அதற்குத்தான் வடிகட்டி வைத்த அந்தத் துளை. கண்ணாடி போல் மினுங்கும் தட்டு உள்ளே சுழல, அதன் மேல் வாசிக்கும் தலை தட்டைத் தொடாமல் காற்றுப் படலத்தில் மிதக்கிறது. இடைவெளி சில நானோமீற்றர்தான். ஒரு தலைமயிரின் தடிப்பில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். இப்படி ஒரு பொறி, பாடசாலைப் பைக்குள் குலுங்கிக் குலுங்கி இத்தனை வருடம் உழைத்ததே பெரிய விஷயம்.

லப்டொப் டிஸ்க்குகளில் பெரும்பாலானவை நிமிடத்துக்கு 5400 முறை சுழல்பவை. செக்கனுக்கு 90 சுற்று. ஒரு சுற்றுக்கு 11 மில்லிசெக்கன். தேவையான தகவல் தலைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அது ஐந்தரை மில்லிசெக்கன். அதற்கு முன் தலையைத் தாங்கும் கை சரியான தடத்துக்கு நகர ஏறக்குறைய 12 மில்லிசெக்கன் பிடிக்கும். இரண்டையும் கூட்டினால் ஒரு தேடலுக்கு 17, 18 மில்லிசெக்கன். அதாவது ஒரு செக்கனில் அறுபது தேடலைக்கூட முடிக்க முடியாது. ஒவ்வொரு தேடலிலும் 4 கிலோபைட் துண்டு ஒன்றை எடுக்கிறது என்றால், செக்கனுக்குக் கால் மெகாபைட்கூடத் தேறாது.

இதே டிஸ்க் ஒரு முழுப்படத்தைப் பிரதி எடுக்கும்போது செக்கனுக்கு 100 மெகாபைட் அளவில் ஓடும். அப்போது தலை ஓரிடத்தில் நின்றபடி தொடர்ந்து வாசிக்கிறது. ஆனால் விண்டோஸ் எழும்பும்போதும், பிரவுசரைத் திறக்கும்போதும் நடப்பது ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைத் தட்டின் மூலைமுடுக்கெல்லாம் தேடும் வேலை. காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ் புறக்கோட்டைக்குப் போய்ச் சேரும் நேரத்தை எஞ்சினின் வலு தீர்மானிப்பதில்லை, வழியில் எத்தனை ஹோல்ட் என்பதே தீர்மானிக்கிறது. ஹார்ட் டிஸ்க்கின் கதையும் அப்படித்தான். 7200 சுற்று டிஸ்க் வாங்கினால் காத்திருப்பு ஐந்தரையிலிருந்து நாலே சொச்சமாகக் குறையும். கை நகரும் நேரம் கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். ஒரு காலத்தில் அதற்கும் கூடுதல் காசு கொடுத்தோம்.

முதல் ஹார்ட் டிஸ்க்கை ஐ.பி.எம். 1956இல் வெளியிட்டது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள். எல்லாம் சேர்ந்து கொண்டது 50 லட்சம் எழுத்து. ஒரு தகவலைத் தேட அரைச் செக்கனுக்கு மேல் எடுத்தது. இன்றைய சாதாரண 1 டெராபைட் லப்டொப் டிஸ்க் அதைவிட இரண்டு லட்சம் மடங்குக்கு மேல் கொள்ளும். தேடும் நேரமோ முப்பது, நாற்பது மடங்குதான் குறைந்திருக்கிறது. கொள்ளளவு எங்கேயோ போய்விட்டது, சுழலும் தட்டும் நகரும் கையும் அதோடு ஓட முடியாமல் பின்தங்கிவிட்டன.

எஸ்.எஸ்.டி.யில் சுழல்வதும் இல்லை, நகர்வதும் இல்லை. ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோக்கா 1980களில் உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகமே அதன் அடிப்படை. நான்கு பக்கமும் மின்காப்பால் சூழப்பட்ட ஒரு நுண்ணிய இடத்துக்குள் இலத்திரன்களைச் சிறைப்பிடித்து வைத்தால், மின்சாரம் போனாலும் அவை அங்கேயே இருக்கும். எவ்வளவு இருக்கிறது என்று அளந்தால் தகவல் வந்துவிடும். எந்த மூலையில் இருந்தாலும் எடுக்கப் பத்தில் ஒரு மில்லிசெக்கன் அளவுதான். பதினேழுக்கும் பத்தில் ஒன்றுக்கும் உள்ள இந்த வித்தியாசத்தைத்தான் எஸ்.எஸ்.டி. பூட்டிய முதல் நாளில் எல்லோரும் வாயைப் பிளந்து பார்க்கிறார்கள்.

சாட்டா என்ற இணைப்பில் ஓடும் எஸ்.எஸ்.டி. 550 மெகாபைட்டில் நின்றுவிடுவது அந்த இணைப்பின் எல்லையால். என்.வி.எம்.இ. வகை 3500, 7000 என்று போகும். ஆனால் சின்னத் துண்டுகளைத் தேடும் நேரத்தில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் கிடையாது. விண்டோஸ் எழும்புவதில் ஓரிரு செக்கன் முன்பின் இருக்கலாம். வீடியோ வெட்டி ஒட்டுகிறவர்களுக்கும், பெரிய கோப்புகளைத் தினமும் நகர்த்துகிறவர்களுக்கும் 7000 பயன்படும். ஏ.எல். படிக்கிற பிள்ளைக்கு, ஸூம் வகுப்புக்கு, வங்கிக் கணக்குப் பார்க்கிறவருக்கு 550 தாராளம்.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் உள்ள திருத்தும் கடையில் இந்த வாதம் நடந்ததைக் கேட்டேன்.

"தம்பி, 7000 எண்டு போட்டது இருக்காம், அதையே பூட்டுங்கோவன்."

"அன்ரி, உங்கட மெஷினில அது பூட்ட இடமே இல்லை. சாட்டாதான் போகும். மிச்சக் காசுக்கு ராமைக் கூட்டுங்கோ, 4 ஜிபிதான் கிடக்குது."

அந்தத் தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. 4 ஜிபி ராம் நிரம்பியதும் விண்டோஸ் டிஸ்க்கைத் தற்காலிக ராமாகப் பாவிக்கத் தொடங்கும். எஸ்.எஸ்.டி. அந்த வலியைக் குறைக்கும், தீர்க்காது. 8 ஜிபியும் ஒரு சாதாரண எஸ்.எஸ்.டி.யும் சேர்ந்தால் கிடைக்கும் பலன் விலை கூடிய எஸ்.எஸ்.டி. தனியாகத் தராது.

கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். டாஸ்க் மனேஜரைத் திறந்து, லப்டொப் இழுபடும் நேரத்தில் டிஸ்க் எத்தனை வீதம் என்று பாருங்கள். சிபியு பத்து, இருபதில் கிடக்க டிஸ்க் 100ஐத் தொட்டபடி நின்றால் குற்றவாளி பிடிபட்டுவிட்டது. அதே இடத்தில் உங்கள் டிஸ்க் எந்த வகை என்றும் விண்டோஸ் எழுதிக் காட்டும். ஏற்கனவே எஸ்.எஸ்.டி. என்றிருந்தால் காசைச் செலவழிக்க வேண்டாம், பிரச்சினை வேறெங்கோ. மலிவான சில லப்டொப்களில் சேமிப்புச் சிப்பை மதர்போர்டிலேயே ஒட்டிவிடுவார்கள். அதைக் கழற்றி மாற்ற வழியில்லை.

எம்.2 என்ற மெல்லிய பட்டை வடிவத்தில் ஒரு சிக்கல் உண்டு. சாட்டாவும் அந்த வடிவத்தில் வரும், என்.வி.எம்.இ.யும் வரும், பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். சில லப்டொப் ஒன்றை மட்டுமே ஏற்கும். நீளமும் வேறுபடும்: 2280 என்றால் 22 மில்லிமீற்றர் அகலம், 80 நீளம், 2242 அதில் பாதிக்குச் சற்று மேல். மொடல் இலக்கத்தைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் லப்டொப்பையே கடைக்குக் கொண்டு போங்கள்.

எழுதி எழுதித் தேய்ந்துவிடுமே என்ற பயம் பலருக்கு இருக்கிறது. ஃபிளாஷ் தேயும் என்பது உண்மை. ஆனால் கணக்குப் பாருங்கள்: பெயர்பெற்ற 500 ஜிபி எஸ்.எஸ்.டி. ஒன்றுக்கு 300 டெராபைட் எழுதும் வரை உத்தரவாதம் தருகிறார்கள். நாளுக்கு 20 ஜிபி எழுதினால் வருடத்துக்கு 7.3 டெராபைட். 300ஐத் தொட நாற்பது வருடமாகும். அதற்குள் லப்டொப்பே அருங்காட்சியகத்துக்குப் போயிருக்கும். பயப்பட வேண்டியது போலிகளுக்கு. யாரும் கேள்விப்படாத பெயரில், நம்ப முடியாத மலிவு விலையில், பல டெராபைட் என்று எழுதி வரும் பெட்டிகளுக்குள் சின்னச் சிப் ஒன்றை வைத்து, பொய்க் கணக்குச் சொல்லும்படி அதை மாற்றியிருப்பார்கள். நிரம்பியதும் பழைய கோப்புகள் சத்தமில்லாமல் அழியும்.

நம் ஊருக்கென்று ஒரு தலையிடி உண்டு: மின்வெட்டு. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் இருளில் கிடந்தோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததாகச் சொல்லப்பட்டு நாடே இருண்டது. பற்றரி செத்த லப்டொப்பை நேரே பிளக்கில் போட்டுப் பாவிக்கிற வீடுகள் ஏராளம். திடீரென மின்சாரம் போனால் ஹார்ட் டிஸ்க் தட்டின் மிச்சச் சுழற்சியையே சக்தியாக்கித் தலையை ஒதுக்கிக்கொள்ளும், அழகான ஏற்பாடு. மலிவு எஸ்.எஸ்.டி.யில் அந்தக் கணத்தில் எழுதிக்கொண்டிருந்த தகவல் போகலாம். ஆகவே எஸ்.எஸ்.டி.க்கு முன் பற்றரியை மாற்றுவது சில வீடுகளில் புத்திசாலித்தனமாக இருக்கும்.

கல்யாண அல்பங்களை எஸ்.எஸ்.டி.யில் போட்டு அலுமாரியில் பூட்டி வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மின்சாரமே இல்லாமல் கிடந்தால் சிறைப்பட்ட இலத்திரன்கள் மெல்லக் கசியும், வெப்பம் கூடினால் இன்னும் வேகமாக. எழுதும் ஆயுள் முடிந்த வீட்டுப் பாவனை எஸ்.எஸ்.டி. 30 பாகையில் ஒரு வருடம் தகவலைக் காத்தால் போதும் என்பதுதான் தொழில்துறையின் தர அளவு. புதிதாக இருக்கையில் நீண்ட காலம் தாங்கும் என்றாலும், கொழும்பு வெக்கையில் நீண்டகாலச் சேமிப்புக்கு நான் ஹார்ட் டிஸ்க்கைத்தான் நம்புவேன், அதுவும் இரண்டு பிரதியாக.

எஸ்.எஸ்.டி.யால் தீராத குறையும் ஒன்று உண்டு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14இல் நிறுத்திவிட்டது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்திய பெரும்பாலான லப்டொப்களை விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்வதில்லை. அப்படியானவற்றுக்கு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக் கொடுக்கச் சொல்லலாம். விலையையும் யோசிக்க வேண்டும்: 2025 கடைசியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் சிப்புகளை அள்ளத் தொடங்கியதும் ராம், எஸ்.எஸ்.டி. விலைகள் உலகெங்கும் ஏறின. ஆகவே முதலில் உங்கள் மொடலுக்கு எது ஓடும் என்று விசாரித்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

வேலை முடிந்ததும் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள், கேட்டு வாங்குங்கள். அழித்த கோப்பு உண்மையில் அழிவதில்லை. பெயர் மட்டும் பட்டியலிலிருந்து நீங்கும்; உள்ளடக்கம் அதன்மேல் வேறொன்று எழுதப்படும் வரை தட்டிலேயே கிடக்கும். உங்கள் அடையாள அட்டைப் பிரதி, கடவுச்சீட்டு, விசாவுக்கு அனுப்பிய வங்கிக் கூற்று எல்லாம் அதற்குள் இருக்கின்றன.