கையெழுத்து கல்லூரியில், முடிவு வீட்டில்

இறந்தபின் உறுப்புகளைத் தர மாணவர்கள் அதிகம் தயங்குவதில்லை. முகாம் நடந்தால் அட்டையில் கையெழுத்துப் போடுகிறார்கள். 2023 முதல் ஆதார் எண்ணைக் கொண்டு இணையத்திலும் பதியலாம். சிக்கல் வீட்டில். அம்பத்தூரோ ஆவடியோ பூந்தமல்லியோ, சாவைப் பற்றிப் பேச்செடுக்கும் பிள்ளைக்கு 'வாயைக் கழுவு' என்ற அதட்டல்தான் கிடைக்கும். அட்டை பர்ஸுக்குள் போகிறது. சேதி பெற்றோருக்குப் போவதில்லை.

மாணவர்களிடம் குழப்பமும் உண்டு. கண் தானம் இறந்த 6 மணி நேரத்துக்குள் வீட்டிலேயே முடிந்துவிடும். உடல் தானம் மருத்துவக் கல்லூரிப் பாடத்துக்கு. இறந்தபின் தரும் இதயமும் கல்லீரலும் பெரும்பாலும் மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து, வென்டிலேட்டர் ஓடும்போதே எடுக்கப்படுகின்றன. 4 மருத்துவர் குழு, 6 மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்து மூளைச்சாவை உறுதிசெய்ய வேண்டும்; உறுப்பைப் பொருத்தும் மருத்துவர்கள் அதில் இருக்கக் கூடாது. பதிந்தவனுக்கு வைத்தியத்தைக் குறைத்துவிடுவார்கள் என்ற பயம் வீண்.

2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்துச் சிறுவன் ஹிதேந்திரன் பைக் விபத்தில் மூளைச்சாவு அடைந்தான். போலீசார் வழியைத் திறந்துவிட, அவன் இதயம் அம்பத்தூரை ஒட்டிய முகப்பேருக்கு 11 நிமிடத்தில் வந்து, பெங்களூருச் சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. ஊர் பேசியது அந்த 11 நிமிடத்தைத்தான். ஆனால் 18 வயது ஆகாதவர் உறுதிமொழி தர முடியாது, முடிவெடுத்தவர்கள் பெற்றோர். இருவரும் மருத்துவர்கள், மூளைச்சாவு என்னவென்று அறிந்தவர்கள்.

மற்றப் பெற்றோருக்கு அந்தத் தெளிவு எங்கிருந்து வரும்? வெளிவட்டச் சாலையிலோ பெங்களூரு நெடுஞ்சாலையிலோ பைக்கில் விழுந்த மகனின் நெஞ்சு ஏறி இறங்குகிறது. உடம்பில் சூடு இருக்கிறது. அந்த நேரத்தில் 'செத்துவிட்டான்' என்று சொன்னால் எந்தத் தாய் நம்புவாள்? பெற்றோர் தந்த உடம்புக்குச் சேதம் வரக் கூடாது என்ற பழைய கன்பூசிய நெறி சீன மாணவர்களையே தயங்கவைப்பதுண்டு. இங்கே தயக்கம் ஒரு தலைமுறை மேலே இருக்கிறது.

உறுப்பு தந்தவர்களின் இறுதிச் சடங்குக்கு 2023 செப்டம்பரில் தமிழகத்தில் அறிவித்த அரசு மரியாதை மனங்களை மாற்றியிருக்கிறது என்போரும் உண்டு. தமிழகத்தில் அந்த ஆண்டு 178 ஆக இருந்த கொடையாளர் எண்ணிக்கை 2024-இல் 268 ஆனது. ஆனாலும் மாணவன் பதிந்திருந்தாலும், நடைமுறையில் குடும்பம் மறுத்தால் மருத்துவமனை உறுப்பை எடுப்பதில்லை.

1994-இன் உறுப்பு மாற்றுச் சட்டம் குடும்பத்தின் பங்கை முன்பே யோசித்திருக்கிறது. எழுதித் தரும் சம்மதத்துக்குக் குறைந்தது இரண்டு சாட்சிகள், அவர்களில் ஒருவராவது நெருங்கிய உறவினர் என்கிறது அது. பக்கத்து பெஞ்சு நண்பர்கள் இருவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் போதாது.