பயிர்க் காப்புறுதியும் மாறிவரும் மழையும்

விதை விழுந்த நாள் முதல் சூடு மிதிக்கும் நாள் வரை கமக்காரன் செலவிட்ட பணம் முழுவதும் வயலிலேயே கிடக்கின்றது. உழவுகூலி, விதைநெல், பசளை, களைகொல்லி ஆகியவற்றுக்குக் கடன்பட்டிருப்பானாயின், வெள்ளத்தோடு போவது விளைவு மட்டுமன்று. அடுத்த போகத்துக்குக் கடன் பெறும் தகுதியும் உடன் போய்விடும். இவ்விடரைக் கருதியே 1958ஆம் ஆண்டில் நெற்செய்கைக்குக் காப்புறுதி முன்னோடித் திட்டமாக இந்நாட்டில் தொடங்கப்பெற்றது. 1961ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கப் பயிர்க் காப்புறுதிச் சட்டம் அதனைத் தொடர்ந்தது. இக்காலத்தில் இப்பணியை ஆற்றிவரும் கமத்தொழில், கமநலக் காப்புறுதிச் சபை 1999ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்ததாகும்.

காப்புறுதியின் கணக்கு எளிது. பலர் சிறுதொகை செலுத்துவர். அவருட் சிலருக்கே ஓராண்டில் அழிவு நேரும். பலர் செலுத்தியது சிலருக்கு ஈடாகும். கட்டுப்பணம் எவ்வளவென்பதைக் கடந்த ஆண்டுகளின் அழிவை நோக்கியே நிர்ணயிப்பர். பழைய ஆண்டுகளைப் போலவே வரும் ஆண்டுகளும் இருக்குமாயின் இக்கணக்குப் பிழையாது.

இப்பொழுது பிழைக்கின்றது. காற்றின் வெப்பம் ஒரு பாகை செல்சியசு ஏறினால், அது தாங்கக்கூடிய நீராவி நூற்றுக்கு ஏழு பங்களவு மிகுகின்றது. ஆதலின் பெய்யும்போது மழை கொட்டித் தீர்க்கின்றது; பெய்யாத நாட்களில் நிலம் முன்னிலும் விரைந்து காய்கின்றது. 2016ஆம் ஆண்டில் இலங்கையின் நெல் விளைவு ஏறக்குறைய 44 இலட்சம் மெற்றிக் தொன். வறட்சியினால் 2017ஆம் ஆண்டில் அது 24 இலட்சத்துக்கு இறங்கியது. அடுத்த ஆண்டு மார்கழியிலோ கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களிற் பெருமழை பெய்து, இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறக்கவேண்டியதாயிற்று. குளத்தின் கீழ்ப்புற வயல்கள் நீரில் மூழ்கின. நீரின்மையும் நீர்மிகையும் இவ்வாறு அடுத்தடுத்து வந்து ஒரு மாவட்டம் முழுவதையும் ஒருங்கே தாக்கும்போது, இழந்தவர் சிலர், இழவாதவர் பலர் என்ற அடிப்படையே ஆட்டங்காண்கின்றது. கட்டுப்பணத்தை ஏற்றினால் சிறு கமக்காரர் விலகிவிடுவர். ஏற்றாவிடின் நிதி வற்றிவிடும்.

இதற்கு அரசு கண்ட வழி, பாரத்தைப் பிறர் தோளிலும் ஏற்றுவது. 2013ஆம் ஆண்டு முதல் வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் காப்புறுதிக் கம்பனிகளும் வரி கழித்த இலாபத்தில் நூற்றுக்கு ஒரு பங்கைப் பயிர்க் காப்புறுதிக்கென இறுத்தல் வேண்டுமென விதிக்கப்பட்டது. 2018ஆம் ஆண்டில் நெல், சோளம், சோயா, பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு, மிளகாய் ஆகிய ஆறு பயிர்களுக்குக் கமக்காரரிடம் கட்டுப்பணம் பெறாமலே ஏக்கருக்கு 40,000 ரூபா வரை நட்டஈடு வழங்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. ‘வரை’ என்னும் சொல்லைக் கவனிக்க. பலர் அதனைக் காதில் வாங்குவதில்லை. அஃது உச்சவரம்பேயன்றி எல்லாருக்கும் உரிய தொகையன்று. இத்தொகைகளும் விதிகளும் போகத்துக்குப் போகம் மாறக்கூடுமாதலின், நடைமுறையில் உள்ளதைக் கமநல சேவை நிலையத்தில் விதைப்புக்கு முன்னரே கேட்டறிதல் வேண்டும்.

மழைமானியின் அளவை நோக்கிப் பணம் வழங்கும் சுட்டெண் காப்புறுதியும் நாட்டில் அறிமுகமாகியுள்ளது. குறித்த அளவுக்குக் குறைவாகவோ மிகையாகவோ மழை பதிவானால், வயலைப் பாராமலே பணம் கொடுபடும். விரைவே அதன் சிறப்பு. ஆயினும் மழைமானி நிற்கும் இடம் வேறு, வயல் வேறு. கனகராயன் ஆற்றின் மேற்பகுதியிற் பெய்த மழை இரணைமடுவின் கீழ்வயலை அழிக்கும்போது, அருகிலுள்ள மானி சிறுமழையையே காட்டியிருத்தல் கூடும். வெள்ளத்துக்கு அஞ்சுவோர் இதனை மட்டும் நம்பியிருத்தல் தகாது.

அழிவு நேர்ந்தவிடத்து முதலிற் செய்யத்தக்கது அறிவித்தலாகும். வெள்ளம் வடியட்டும் என்று காத்திராது கமநல சேவை நிலையத்துக்குத் தெரிவிக்க. வரம்பு, வாய்க்கால், அயல்வயல் ஆகியன தெரியுமாறு கைத்தொலைபேசியிற் படம் எடுத்துக்கொள்க. விதைத்த திகதியையும் இனத்தையும் எழுதிவைத்திருத்தல் நன்று. பயிர் முளைப் பருவத்தில் அழிந்ததா, குடலைப் பருவத்தில் அழிந்ததா என்பதைப் பொறுத்துச் செலவு பெரிதும் வேறுபடும். உத்தியோகத்தர் பார்வையிடுமுன் வயலை மறுபடி உழுதுவிட்டால் அழிவுக்குச் சான்று இல்லாமற் போகும்.

பார்வை முடிந்ததும் காலந்தாழ்த்தல் ஆகாது. மார்கழி நடுப்பகுதிக்குள் பயிர் அழிந்து, குளத்தில் நீரும் இருப்பின், ஏறத்தாழ 80 நாளில் விளையும் பி.ஜி. 250 போன்ற குறுவயது இனத்தை மறுவிதைப்புச் செய்யலாம். நட்டஈடு அதற்குள் கைக்கு வருமென எதிர்பார்த்தல் அரிது. ஆகவே ஏக்கருக்கு இரண்டு புசல் குறுவயது விதைநெல்லை வெள்ளம் எட்டாத மேட்டுக் களஞ்சியத்தில் ஒதுக்கிவைக்க. தனித்தனியே இயலாதவிடத்து, ஒரு வாய்க்காலின் கீழுள்ள கமக்காரர் தம் கமக்கார அமைப்பின் வாயிலாகப் பொதுவில் அதனைச் சேமித்துக்கொள்ளலாம். தை பிறந்தபின் அழிந்த வயலில் மறுவிதைப்புக்கு முனைவதிலும், குளத்து நீரைக் காத்துச் சிறுபோகத்துக்கு ஆயத்தஞ்செய்வதே உசிதமாகும்.