பயிற்சி ஆட்டம் உண்மை பேசுமா?

வெயில் தணிந்து கடற்காற்று எழும் மாலை வேளையில் விடத்தல்தீவு மைதானத்தை நாம் அடைந்தபோது பயிற்சி ஆட்டம் முடிந்திருந்தது, வாதாட்டம் தொடங்கியிருந்தது. இலங்கைத் தேசிய அணிக்கே ஆட்டக்காரரைத் தந்தது மன்னார் மாவட்டம். அங்கே உதைபந்தாட்டத்தைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத மனிதரைக் காண்பது அரிது.

சுற்றுப்போட்டிக்கு இரு வாரங்களே இருந்தன. ஒரே அணி இரண்டாகப் பிரிந்து ஆடியதில் ஒரு பக்கத்தார் நான்கு கோல் அடித்தனர். மறுபக்கத்தார் ஒன்றும் அடிக்கவில்லை. “எங்கள் முன்வரிசையை இனி யாராலும் தடுக்க முடியாது!” என்று குதூகலித்தார் ஓர் இளைஞர். “நான்கு பந்தும் எங்கள் பின்வரிசையைத் தாண்டித்தானே தம்பி போயின?” என்றார் அருகே நின்ற ஆசிரியர். இரண்டும் மெய்யே. தன்னோடு தானே ஆடும் அணிக்கு ஒவ்வொரு வெற்றியும் ஒரு தோல்வியாகும் அன்றோ?

நான்கு கோல்களை விட்ட பந்துக் காப்பாளனோ எவரோடும் பேசாது கம்பத்தடியில் அமர்ந்திருந்தான். அவனை நீக்க வேண்டும் என்ற குரல் அவன் காதிலும் விழுந்திருக்கும்.

இவ்வழக்கு இவ்வூருக்கு மட்டும் உரியதன்று. 1954 உலகக் கிண்ணப் போட்டியின் முதற் சுற்றில் ஹங்கேரி, மேற்கு ஜெர்மனியை 8–3 என வீழ்த்தியது. ஆனால் ஜெர்மனியப் பயிற்றுநர் ஹேர்பேர்கர் அன்று தம் முதன்மை ஆட்டக்காரர் பலரைக் களமிறக்கவில்லை. இரு வாரங்களின் பின் பேர்ண் நகரில் நடந்த இறுதியாட்டத்தில் அதே ஹங்கேரியை 3–2 என வென்று கிண்ணத்தைக் கொண்டது ஜெர்மனி.

மறுபுறமும் சான்று உண்டு. 2006 மார்ச்சில் நடந்த சிநேகபூர்வ ஆட்டத்தில் இத்தாலி ஜெர்மனியை 4–1 என வென்றது. அவ்வாண்டு உலகக் கிண்ண அரையிறுதியிலும் ஜெர்மனியை 2–0 என வீழ்த்தியது இத்தாலியே. எனினும் மார்ச்சில் பலரும் ஏசிய அந்த ஜெர்மனிய அணி மூன்றாம் இடத்தைப் பெற்றது. ஆக, எண்ணிக்கை சிலவேளை மெய் சொல்லும். சிலவேளை பொய் சொல்லும்.

அப்படியாயின் பயிற்சி ஆட்டத்தால் பயன் என்ன? கடற்றொழிலில் முதிர்ந்த பெரியவர் ஒருவர் விடை பகர்ந்தார்: “தம்பிமாரே, கரையிலே காயிற வலையைப் பார்த்து மீன்பாட்டைச் சொல்லேலாது. ஆனால் வலையிலே கிழிசல் இருந்தால் அதைக் கரையிலேதான் காணவேணும். கடலிலே கண்டு என்ன பிரயோசனம்?”

அதன் பின்னரே பேச்சு நெறிப்பட்டது. பந்தை இழந்ததும் யார் திரும்பி ஓடினார்? கடைசிப் பத்து நிமிடத்தில் யாருக்கு மூச்சு இருந்தது? கோல்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார் ஆசிரியர். மூன்று முறை, தடுப்பார் ஒருவருமின்றி எதிராளி தனியே வந்திருந்தான். கிழிசல் கம்பத்தடியில் அன்று, அதற்கு முன்னே இருந்தது!

பையன் எழுந்து வந்து கூட்டத்தோடு நின்றான்.

மாதிரிப் பரீட்சைப் புள்ளிகளைக் கையில் ஏந்தி வரும் பிள்ளைகளின் பெற்றோருக்கும் இப்பெரியவர் சொல் பொருந்தும். புள்ளி குறைந்ததென ஏசுமுன், கிழிசல் எங்கே என்று பிள்ளையோடு அமர்ந்து பார்ப்போமாக. தைப்பதற்கு இன்னும் நாள் இருக்கிறது.