வயிற்றுக்குள் ஒரு குழு



போன மாதம் கூட்டமைப்பில் கடன் விண்ணப்பங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மாடு வாங்க, பிள்ளை படிப்புக்கு, ஓடு மாற்ற என்று வழக்கமானவை இருந்தன. கூடவே 'வைத்தியச் செலவு' என்று மட்டும் எழுதியவையும் இருந்தன. விசாரித்தால் கால் புண், கண் மங்கல், கிட்னிக் கோளாறு என்று ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொன்னார்கள். நோண்டிப் பார்த்தால் பலதுக்கும் வேர் ஒன்றுதான்: சர்க்கரை.

அதில் ஒரு அக்கா. பெயர் போட வேண்டாம், ஆனால் எழுதுங்கள் என்று அவரே சொன்னார். சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு, யாரோ சொன்ன கஷாயத்தை நாலு மாதம் குடித்திருக்கிறார். காலில் முள் ஏறியதே அவருக்குத் தெரியவில்லை. புண் பழுத்து ஒரு விரலை எடுக்கவேண்டி வந்துவிட்டது. "இலை தழைதானே, நல்லதுதான் செய்யும்னு நெனச்சேன்" என்கிறார்.

அக்கா நினைத்தது பாதி சரி. இலை தழையில் நல்லது இருக்கிறது. ஆனால் அது எந்த வழியில் வேலை செய்கிறது, எந்த வேலையை அதனால் செய்ய முடியாது என்று தெரிந்துகொள்ளாமல் விட்டால் விரல்தான் போகும்.

வாழைப்பூவின் துவர்ப்பு, சுண்டைக்காயின் கசப்பு, நாவல் பழத்தின் நிறம், கேழ்வரகுத் தோலின் செம்மை. இவற்றில் பெரும்பாலானவை செடி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்துவைத்த சரக்கு. பூச்சி கடிக்காமல் இருக்க, வெயில் சுட்டுவிடாமல் இருக்க அதற்கு அவை வேண்டும். விஞ்ஞானிகள் இதில் ஒரு பெரிய கூட்டத்தைப் பாலிஃபீனால் என்கிறார்கள். நாம் சாப்பிடும்போது இதில் கொஞ்சம்தான் நேராக ரத்தத்தில் சேருகிறது. பெரும்பகுதி அப்படியே பெருங்குடலுக்குப் போய்விடுகிறது. நார்ச்சத்தும் அப்படித்தான், நம் வயிற்றால் அதைச் செரிக்க முடியாது.

அப்படியானால் வீண்தானே என்று கேட்கலாம். வீண் இல்லை. பெருங்குடலில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. நம்ம குழு மாதிரி அதுவும் ஒரு குழு. ஒன்று உடைத்துப் போட்டதை இன்னொன்று எடுத்துக்கொள்ளும். நார்ச்சத்தை அவை புளிக்கவைத்துச் சில அமிலங்களாக மாற்றுகின்றன. அதில் ஒன்று பியூட்டிரேட், வெண்ணெயிலும் கொஞ்சம் இருக்கும் சரக்கு. குடலின் உள்சுவருக்கு முக்கியமான சாப்பாடே இதுதான். துவர்ப்புச் சரக்குகளையும் இந்த உயிர்கள் சின்னச் சின்னதாக உடைத்து, உடம்பு எடுத்துக்கொள்ளும்படி செய்கின்றன.

குடல் சுவரை வயல் வரப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். நண்டு வளை போட்ட வரப்பில் தண்ணீர் நிற்குமா? நாரே இல்லாத சாப்பாடு கொடுத்து எலிகளை வளர்த்துப் பார்த்தபோது, பசித்த நுண்ணுயிர்கள் குடல் சுவரின் மேல் இருக்கும் வழவழப்பையே தின்னத் தொடங்கின. அப்படிச் சுவர் இளகினால் நுண்ணுயிர்களின் துணுக்குகள் ரத்தத்தில் கசிகின்றன. காய்ச்சல் எதுவும் தெரியாது, ஆனால் உடம்பு உள்ளுக்குள்ளே மெல்லப் புகைந்துகொண்டிருக்கும். அந்தப் புகைச்சலில் இன்சுலின் சொல்வதை உடம்பு சரியாகக் கேட்பதில்லை. சர்க்கரை ரத்தத்திலேயே தங்கிவிடுகிறது.

சர்க்கரை நோய்க்கு இது ஒன்றே காரணம் இல்லை. அப்பா அம்மாவுக்கு இருப்பது, வயிற்றுச் சதை, உடலுழைப்பு குறைந்தது என்று பலதும் சேருகின்றன. இது அவற்றில் ஒன்று. நம் அடுப்படிக்கு எட்டுவது என்பதால் இதைப் பேசுகிறோம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு 2023ல் வெளிவந்தது. நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று கணக்கிட்டது. இன்னும் 13 கோடிக்கு மேற்பட்டவர்கள் அதன் வாசலில் நிற்கிறார்கள். அதே ஆய்வில் சாப்பாட்டைப் பற்றிய பகுதி 2025ல் வந்தது. நாம் சாப்பிடுவதில் கிடைக்கும் சக்தியில் 100க்கு 62 பங்கு மாவுச்சத்திலிருந்துதான் வருகிறதாம். மாவுச்சத்தின் மொத்த அளவைக் குறைக்காமல், அரிசிக்குப் பதில் கோதுமை மாவு, சிறுதானிய மாவு என்று மாற்றிக்கொண்டால் மட்டும் ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு பங்கைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு பயறோ பால் தயிரோ சேர்த்தால்தான் ஆபத்து குறைவதாகத் தெரிகிறது.

இதைக் கேட்டதும் எங்களுக்கே கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. 'சோத்தை விட்டுட்டு ராகிக்கு மாறுங்க' என்று இதே இதழில் நாமே எழுதியிருக்கிறோம். ராகி நல்லதுதான். 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து, தோலில் துவர்ப்புச் சரக்கு, நார் எல்லாம் உண்டு. ஆனால் மாவை நைசாகச் சலித்து, நீர்க்கக் கஞ்சி காய்ச்சி ரெண்டு சொம்பு குடித்தால் சர்க்கரை விறுவிறு என்று ஏறும். சலிக்காத மாவில் களி, அளவாக ஒரு உருண்டை, கூடக் கீரைக் குழம்போ தட்டைப்பயறோ இருந்தால் அது வேறு கணக்கு. சாமை, தினை, வரகு வாங்கும்போதும் பாருங்கள். வெள்ளை வெளேர் என்று தீட்டியதாக இருந்தால் தவிடு மில்லிலேயே போய்விட்டது, பெயர் மட்டும்தான் சிறுதானியம்.

பழைய சோறும் அப்படித்தான். ஆறின சோற்றில் மாவுச்சத்தில் கொஞ்சம் செரிக்காத வகையாக மாறிப் பெருங்குடலுக்குப் போகிறது. ராத்திரி ஊறும்போது நல்ல நுண்ணுயிர்களும் பெருகுகின்றன. நல்ல சாப்பாடு. ஆனாலும் அது சோறுதான், சட்டி நிறையச் சாப்பிட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம் கடிக்கிறோமே, அந்த வெங்காயத்தில் குடல் குழுவுக்குப் பிடித்த நார் இருக்கிறது. நம்ம பாட்டிமார்கள் இந்தக் கணக்கைப் படித்தவர்கள் இல்லை, ஆனால் சேர்க்கை சரியாக இருக்கிறது.

கீரை ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு 100 கிராம் வேண்டும் என்கிறது ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். நம் வீட்டில் ஒரு கட்டை நாலு பேருக்குப் பொரித்து, ஆம்பளைக்கும் பிள்ளைக்கும் வைத்துவிட்டுச் சட்டியில் ஒட்டியதை நாம் வழித்துக்கொள்கிறோம். இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். முருங்கை வீட்டுப் பின்னாலேயே நிற்கிறது. கொள்ளு, மொச்சை, கொண்டைக்கடலை இவற்றைத் தோலோடு சமையுங்கள், சரக்கு தோலில்தான் நிறைய. வாழைத்தண்டு, வாழைப்பூ, நெல்லிக்காய் எதுவும் கடையில் காசு கொடுக்கிற பவுடருக்குக் குறைந்ததில்லை. ஆனால் ஒரே நாளில் கூட்டிவிடாதீர்கள். வயிறு உப்பும், "இது நமக்கு ஒத்துக்கல" என்று விட்டுவிடுவோம். ரெண்டு மூணு வாரத்தில் மெல்ல மெல்லக் கூட்டுங்கள், தண்ணீரும் குடியுங்கள்.

துவர்ப்புக்கு ஒரு கெட்ட குணமும் உண்டு. டீயில் இருக்கும் துவர்ப்பு, சாப்பாட்டின் இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரத்தம் குறைவாக இருக்கும் பெண்கள் சாப்பிட்ட கையோடு டீ குடிக்க வேண்டாம், ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். கீரையில் எலுமிச்சை பிழிந்தால் இரும்பு கூடுதலாகச் சேரும்.

வெந்தயம் பற்றி எல்லாரும் கேட்கிறீர்கள். ஐதராபாத் நிறுவனம் 1990களில் ஆய்வு செய்தது. நாளைக்கு 25 கிராம் வெந்தயப் பொடி கொடுத்ததில் சர்க்கரை குறைந்தது. 25 கிராம் என்றால் கிட்டத்தட்ட ஒரு கைப்பிடி. தாளிக்கிற ஒரு சிட்டிகையை நம்பி மாத்திரையை விடக்கூடாது. மாத்திரையோடு நிறைய வெந்தயமோ பாகற்காய்ச் சாறோ சேர்த்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கமும் வரலாம், டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும். கிட்னி கெட்டவர்களுக்குக் கீரையும் பழமும்கூட அளவோடுதான், அவர்கள் கட்டாயம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வெறும் வயிற்றில் 100க்குக் கீழே இருந்தால் சரி. 100 முதல் 125 வரை வாசலில் நிற்கிறோம் என்று அர்த்தம், சாப்பாட்டாலும் நடையாலும் திரும்பி வர நல்ல வாய்ப்பு இருக்கிற இடம் இது. 126ம் அதற்கு மேலும் வந்தால் இன்னொரு தரம் எடுத்துப் பார்த்து உறுதி செய்வார்கள். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபோது வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வேலைக்கு நம்மைப் போன்ற குழுப் பெண்களைத்தான் எடுத்தார்கள். ஆகவே வெட்கப்பட ஒன்றும் இல்லை, கேட்பதும் சொல்வதும் நம்ம ஆட்கள்தான்.

அந்த அக்கா இப்போது மாத்திரையும் போடுகிறார், கீரையும் சாப்பிடுகிறார், செருப்பில்லாமல் காட்டுக்குப் போவதில்லை. தினம் ராத்திரி மருமகள் அவர் பாதத்தை விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறாள். அவருடைய கடனில் இன்னும் ஏழு தவணை பாக்கி.

அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கிராம செவிலியரை அழைத்திருக்கிறோம். 30 வயது தாண்டியவர்கள் சாப்பிடாமல் வாருங்கள், பரிசோதனை முடிந்ததும் கொண்டைக்கடலைச் சுண்டல் உண்டு. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்கள் சீட்டையும், குடிக்கிற கஷாயம் ஏதும் இருந்தால் அந்தப் பாட்டிலையும் கையோடு எடுத்து வரவும்.