‘இந்தியன் ஓஷன்’ இசைக்குழுவும் ஒரு குடும்ப வழக்கும்

எங்கள் குடும்பத்தில் நெடுநாளாக ஒரு வழக்கு நடந்து வருகிறது. வாதி என் தமையனார். 1994-ஆம் ஆண்டில் உத்தியோகம் பார்க்கத் தில்லிக்கு வந்தவர். பிரதிவாதி அவருடைய மகள். இவ்வூரிலேயே பிறந்து இங்கேயே கல்லூரியில் பயில்பவள். வேறு ஆள் அகப்படாமையால் நீதிபதி ஸ்தானம் அடியேனுக்கு வாய்த்தது. சொத்து வழக்காக இருந்திருந்தால் இதற்குள் ஒருவாறு தீர்ந்திருக்கும். ‘இந்தியன் ஓஷன்’ என்ற பெயரில் இன்று மேடையேறுகிற இசைக்குழு, பழைய இந்தியன் ஓஷன்தானா, அன்றா என்பதே வழக்கு.

இது எங்கள் வீட்டோடு நிற்கிற சச்சரவு அன்று. அக்குழுவின் ரசிகர்கள் நால்வர் எங்கே கூடினாலும், தேநீர் ஆறுவதற்குள் இதே வாதம் எழுந்துவிடும். வடநாட்டு நகரங்களில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகள் எதைக் கேட்கிறார்கள் என்று பெரியவர்கள் அறிந்திருப்பது நலம் என்பதாலும் இதனை எழுதத் துணிந்தேன்.

இசைக்குழு என்றதும் சினிமா மெல்லிசைக் கோஷ்டி என்று மூத்த வாசகர்கள் எண்ணிவிடலாகாது. தில்லியில் 1990-ஆம் ஆண்டில் சுஸ்மித் சென் என்ற கிதார் கலைஞரும், பாடிக்கொண்டே தபேலா வாசிக்க வல்ல அஸீம் சக்கரவர்த்தியும் சேர்ந்து தொடங்கியது இக்குழு. மறு ஆண்டு ராகுல் ராம் பேஸ் கிதாருடனும், 1994-ல் அமித் கிலம் டிரம்ஸுடனும் வந்து சேர்ந்தனர். ராகுல் ராம் அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். கர்நாடக இசையில் கீர்த்தனைகள் இயற்றிய யோகநரசிம்மத்தின் பேரர் என்பதையும் சங்கீதப் பிரியர்கள் குறித்துக்கொள்ளலாம். இந்த நால்வரும் பதினைந்து ஆண்டுகள் பிரியாமல் வாசித்தார்கள். நாட்டுப்பாடல், இந்துஸ்தானி ராகம், மேனாட்டு ‘ராக்’ தாளம் ஆகிய மூன்றையும் ஒரே உலையில் இட்டுச் சமைத்தது அவர்களுடைய பாணி. தமிழர்கள் பல தலைமுறைகளாகக் குடியிருந்த கரோல்பாக்கில், கஜூர் சாலையில் 16/330 எண்ணுள்ள பழைய வீடொன்றுதான் அவர்களுடைய பயிற்சிக்கூடம். அந்த முகவரியையே பின்னர் ஓர் இசைத்தொகுப்புக்குப் பெயராக வைத்தார்கள்.

என் தமையனாரின் வழக்கு 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘கந்தீஸா’ என்ற தொகுப்பிலிருந்து தொடங்குகிறது. அதன் ஒலிநாடாவை அவர் எத்தனை முறை கேட்டார் என்பதற்குக் கணக்கில்லை; நாடா இழுபட்டுக் குரல் கோணலான பிறகும் கேட்டார். அதில் ஏழே உருப்படிகள். ஒன்று நர்மதை நதியைப் போற்றும் ‘மா ரேவா’. நர்மதைப் பாதுகாப்பு இயக்கத்தில் உழைத்த காலத்தில் ராகுல் ராம் அப்பள்ளத்தாக்கு மக்களிடமிருந்து கற்று வந்தது. இன்னொன்று கோரக் பாண்டே என்ற போஜ்புரிக் கவியின் போராட்டப் பாட்டு. தொகுப்புக்குப் பெயர் தந்த பாட்டோ, கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் அராமிய மொழியில் பாடிவரும் பழைய துதி. ‘லீவிங் ஹோம்’, அதாவது வீட்டை விட்டுப் புறப்படுதல், என்று பெயர் பூண்ட உருப்படியும் அதில் உண்டு. ஊரை விட்டு வந்து, ஒற்றை அறையில் ஸ்டவ் பற்ற வைத்துச் சமைத்துண்ட ஒருவருக்கு அந்தப் பெயரே போதுமானதாக இருந்திருக்கும்.

2009-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் அஸீம் சக்கரவர்த்தி காலமானார். அவருடைய இடத்தை நிரப்ப ஓராள் போதவில்லை. ஹிமான்ஷு ஜோஷி பாடவும், துஹீன் சக்கரவர்த்தி தபேலா வாசிக்கவுமாக இருவர் வந்தனர். 2013-ல் குழுவைத் தோற்றுவித்தவர்களில் எஞ்சியிருந்த சுஸ்மித் சென்னும் விலகித் தனிவழி சென்றார். நிகில் ராவ் கிதாரை ஏற்றார். தோற்றுவித்த இருவரில் ஒருவரும் இன்று குழுவில் இல்லை. வாதியின் முதல் ஆவணம் இதுதான்.

“கம்பெனிப் பெயர்ப் பலகை மட்டும் பழையது, உள்ளே சரக்கு வேறு” என்பார் என் தமையனார்.

“முப்பது வருஷத்துக்கு மேலாக அதே மேடையில் நிற்கிற ராகுல் ராமும் அமித் கிலமும் சரக்கில் சேர்த்தியில்லையா, அப்பா?” என்பாள் மகள்.

இவ்வளவில் நின்றிருந்தால் நானும் அவள் பக்கமே தீர்ப்புச் சொல்லியிருப்பேன். ஆயினும் தமையனாரின் இரண்டாவது வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. அஸீம் சக்கரவர்த்தி வெறும் பாடகர் அல்லர். வெறும் தபேலாக்காரரும் அல்லர். சுருதி வேறுபட்ட தபேலாக்களை முன்னே வைத்துக்கொண்டு, அமர்ந்தபடி, கைகளும் கண்டமும் ஒரே மூச்சில் இயங்கப் பாடியவர். பாடுகிறவனே தாளத்தையும் வைத்திருக்கும்போது, சொல் எங்கே இழைய வேண்டும், அடி எங்கே பின்தங்கி விழவேண்டும் என்பதை ஒரே மனம் தீர்மானிக்கிறது. அதே வேலையை இருவர் செய்யும்போது, எத்துணைச் சமர்த்தர்களாயினும், ஒருவர் மற்றவருக்குச் செவி கொடுத்தாக வேண்டும். தாளம் முன்னிலும் கட்டாகிறது. குழைவு சற்றே குறைகிறது. பழைய பதிவையும் புதிய கச்சேரியையும் அடுத்தடுத்துக் கேட்ட எவரும் இதனை உணர்வர். இதற்கு ஹிமான்ஷு ஜோஷியைக் குறை கூறுவது அநியாயம். உச்ச ஸ்தாயியில் தயங்காமல் ஏறி நிற்கும் சாரீரம் அவருடையது.

கிதாரின் கதையும் அத்தகையதே. சுஸ்மித் சென் ராகத்தின் நிழலில் நின்று, தந்திகளின் இயல்பான ஒலியோடு, இடம் விட்டு இடம் விட்டு வாசிப்பார். மௌனத்துக்கும் அவர் வாசிப்பில் பங்கு உண்டு. நிகில் ராவின் மின்கிதார் சீறும், விம்மும், அரங்கத்தை நிறைக்கும். இளைஞர் கூட்டம் எழுந்து ஆடுகிறதென்றால் அதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. பழைய ரசிகர்கள் ‘ராக் மிகுந்து நாடோடி குறைந்துவிட்டது’ என்று முறையிடுவதன் மூலமும் இதுவே. எனக்கு இந்த மின்கிதார் பிடிக்கிறது என்பதை, தமையனார் இக்கட்டுரையைப் படிப்பார் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

இனிப் பிரதிவாதியின் பக்கம். அவள் ஒரு நாள் கேட்ட கேள்வி எங்களிருவரையும் சிறிது நேரம் வாயடைக்கச் செய்தது. “நர்மதைக் கரையில் படகோட்டுகிறவர் இந்தப் பாட்டைக் கேட்டால், ‘இது எங்கள் மா ரேவா அன்று, டிரம்ஸும் பேஸும் வைத்துக் கெடுத்துவிட்டார்கள்’ என்று சொல்லமாட்டாரா, சித்தப்பா? கோவிலில் கந்தீஸா பாடுகிறவர் சொல்லமாட்டாரா? அப்போது மாற்றியது சரி, இப்போது மாற்றுவது தவறா?”

அவள் சொன்னதில் பொருள் இருக்கிறது. இக்குழுவின் புகழ்பெற்ற பாடல்களிற் பல பிறரிடமிருந்து பெற்றவை. 2003-ல் வந்த ‘ஜீனீ’ கபீர்தாசருடைய பாட்டின் வழி வந்தது. 2007-ல் திரைக்கு வந்த ‘பிளாக் ஃபிரைடே’ படத்தில் ஊரெங்கும் பரவிய ‘பந்தே’ பாட்டின் சொற்கள் பியூஷ் மிஸ்ராவுடையவை. தமையனார் தலைமேல் வைத்துக் கொண்டாடும் ‘டெஸர்ட் ரெயின்’ என்ற 1997-ஆம் ஆண்டுத் தொகுப்போ, சப்தர் ஹாஷ்மியின் நினைவாகத் தில்லியில் நடந்த நிகழ்ச்சியில் மேடையில் வாசித்தபோதே பதிவானது. அன்றைக்கு அப்படி வாசித்தார்கள். மறுநாள் வேறு விதமாக வாசித்திருப்பார்கள். பதிவானது ஒன்று என்பதற்காக மற்றவையெல்லாம் பிழையாகிவிடா.

புதியன செய்வதிலும் அவர்கள் சோம்பியிருக்கவில்லை. அஸீம் இருந்தபோதே பதிவு செய்த பாடல்களை, அவர் மறைவுக்குப் பின் 2010-ல், மாதம் ஒன்றாக இணையத்தின் வழி இலவசமாக வழங்கினார்கள். 2014-ல் வந்த ‘தந்தானு’ தொகுப்பில் சங்கர் மகாதேவன், சுபா முத்கல், விஸ்வமோகன் பட் முதலியோரை விருந்தினராக அழைத்தனர். நம் கஞ்சிரா வித்வான் செல்வகணேஷும், வயலின் குமரேஷும் அதில் உண்டு. 2023-ல் ‘தூ ஹை’ வெளிவந்தது. இரண்டுக்கும் இடையே ஒன்பது ஆண்டுகள்! இத்தனை இடைவெளி விட்டால் ரசிகர் பழைய பாட்டிலேயே குடியிருக்காமல் என்ன செய்வார்? இந்தக் குறையைப் பிரதிவாதியும் மறுக்கவில்லை.

சென்ற குளிர்காலத்தில் ஒரு கல்லூரித் திடலில் அவர்களுடைய நிகழ்ச்சிக்கு மூவரும் சென்றிருந்தோம். ஒலிபெருக்கி காதைத் துளைத்தது. பேஸ் கிதார் நெஞ்செலும்பில் அதிர்ந்தது. அமித் கிலம் டிரம்ஸை விட்டுக் கப்குபியைக் கையிலெடுத்தபோதுதான் காதுக்குச் சற்று ஆறுதல். வங்காளத்துப் பாவுல்கள் வாசிப்பது அது. தோல் போர்த்த சிறு குடுவையில் தந்தியைக் கட்டி, கக்கத்தில் இடுக்கி மீட்டுவார்கள். உருப்படிகளுக்கிடையே ராகுல் ராமின் வேடிக்கைப் பேச்சு. சிலருக்கு அது பாயசம். பாட்டைக் குறைத்துப் பேச்சைக் கூட்டிவிட்டார் என்பது சிலருடைய குறை.

இரண்டாவது பாட்டு முடிவதற்குள்ளேயே ‘கந்தீஸா, கந்தீஸா’ என்ற கூக்குரல் எழுந்துவிட்டது. நம் சபாக்களில் வித்வான் ராகம் பாடத் தொடங்குமுன்பே துக்கடாவுக்குச் சீட்டெழுதி அனுப்புகிறவர்களை நினைத்துக்கொண்டேன். புதிய பாட்டு ஒன்றை அவர்கள் எடுத்ததும், பலர் தின்பண்டம் வாங்க எழுந்து சென்றனர். குழு மாறவில்லை என்றும் குற்றம், மாறியது என்றும் குற்றம் சாட்டுகிற இந்த ரசிகர்கள், மாறியதைக் காதுகொடுத்துக் கேட்கவும் உட்காரவில்லை. என் தமையனார் உட்கார்ந்திருந்தார். அதை இங்கே பதிவு செய்வது நீதிபதியின் கடமை. முன்னிருந்த நாற்காலியின் முதுகில் அவர் விரல்கள் தாளம் போட்டதை மகளும் பார்த்தாள், நானும் பார்த்தேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கடைசியில் கந்தீஸா வந்தது. திடல் முழுவதும் எழுந்து நின்று பாடிற்று. தமையனார் பாடவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

மெட்ரோ ரயிலில் வரும்போது மகள் மெல்லக் கேட்டாள்: “எப்படி இருந்தது அப்பா?”

“நன்றாகத்தான் பாடினார்கள் அம்மா. ஆனால் மூன்றாவது அடியில் அஸீம் ஒரு கணம் நிறுத்தி, தபேலாவைத் தொட்டுவிட்டு மேலே போவார். அதை எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை.”

அவள் மறுவாதம் செய்யவில்லை. தன் காதிலிருந்த ஒலிக்கருவிகளில் ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டி, அந்தப் பழைய பதிவைத் தேடிப் போட்டாள். கரோல்பாக் நிலையம் வந்துபோனதை இருவரும் கவனிக்கவில்லை. வழக்கை அடுத்த குளிர்காலத்துக்கு ஒத்திவைத்திருக்கிறேன்.