கரிஞ்ச பக்கம் நில்லுங்க

பெங்களூரு மல்லேஸ்வரம் 18-வது கிராஸில் இருக்கிறது அரண்ய பவன், கர்நாடக வனத்துறையின் தலைமை அலுவலகம். காலை நடைக்கு அந்த வழியாகத்தான் போகிறேன். ரொம்ப காலம் அந்தக் காம்பவுண்டு எனக்கு நல்ல நிழல், அவ்வளவுதான். இப்போதெல்லாம் தை பிறந்துவிட்டால் அந்த கேட்டைத் தாண்டும்போது, ‘இந்த வருஷம் தீத்தடுப்புக் கோடு எரித்து முடித்திருப்பார்களா?’ என்று ஒரு நினைப்பு ஓடுகிறது. காரணம், 2019 பிப்ரவரியில் பந்திப்பூர் காட்டில் கழித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அதற்கு முந்தின நாள், 23-ம் தேதி, எலஹங்கா விமானக் கண்காட்சியில் கார் நிறுத்தியிருந்த மைதானம் தீப்பிடித்து சுமார் 300 கார்கள் எரிந்தன. பெங்களூரு முழுக்க அதே பேச்சு. காய்ந்த புல், காற்று, ஒரு பொறி என்றார்கள். அதே காய்ந்த புல்லும் காற்றும் 200 கிலோமீட்டருக்கு அப்பால் மூன்று நாளாகக் காட்டைத் தின்றுகொண்டிருந்தன. கோபாலசாமி பெட்டா மலைச் சரிவெல்லாம் புகை. எல்லாம் ஓய்ந்தபோது பத்தாயிரம் ஏக்கருக்கும் மேல் கருகியிருந்தது. “மாமா, ஆள் கேக்கறாங்களாம், போலாமா?” என்றான் அக்கா மகன். கையுறை, பன், வாழைப்பழம், இரண்டு கேஸ் தண்ணீர் பாட்டிலோடு விடியுமுன் கிளம்பினோம்.

அங்கே எங்கள் கூட்டத்துக்கு வழிகாட்ட வந்தவர் ஒரு தீக்காவலர். கோடைக்கு மட்டும் தினக்கூலிக்கு எடுக்கப்படும் பக்கத்து கிராமத்து ஆள். ஐம்பது வயதைத் தாண்டியவர். கூடலூர்ச் சந்தைக்குப் போய்வந்து பழகிய தமிழ். முதலில் சொன்னது இதுதான்: “சார், தீக்கு முன்னாடி ஓடாதீங்க. கரிஞ்ச பக்கம் நில்லுங்க. எரிஞ்ச இடம் மறுபடி எரியாது.” சரிவில் தீ மேல்நோக்கித்தான் பாயும்; சூடு மேலே இருக்கிற புல்லை முன்கூட்டியே காய வைத்துவிடும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களில் 23 பேரை இழந்தோமே, அதுவும் புல் மண்டிய சரிவுதான்.

கருவி என்று பார்த்தால் கையில் பச்சைக் கொப்பு. தீயின் ஓரமாக வரிசையில் நின்று அடிக்க வேண்டும். ஓங்கி அடித்தால் பொறி பறந்து பின்னால் விழும். அழுத்தித் தேய்க்கிற மாதிரி அடிக்க வேண்டும். பத்து நிமிஷத்தில் என் புருவம் பொசுங்கிவிட்டது, ஓரமாக உட்கார வைத்துவிட்டார்கள். அவர் மட்டும் காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துப் பார்த்து நகர்ந்துகொண்டே இருந்தார்.

புல் தீயை இப்படி அடித்துவிடலாம். உண்ணிச்செடிப் புதரில் ஏறிவிட்டால் முடியாது. அழகுக்காக வெள்ளைக்காரன் கொண்டுவந்த செடி, காடு முழுக்கப் பரவி, காய்ந்ததும் தரையிலிருந்து மரக்கிளைக்குத் தீயை ஏற்றிவிடும் ஏணியாக நிற்கிறது. மழை நன்றாகப் பெய்த வருஷம் நிம்மதி என்று நினைப்போம்; புல்லும் புதரும் அந்த வருஷம்தான் ஆளுயரம் வளர்ந்து மறு கோடைக்கு விறகாகும்.

தீ புதர் வரை போனால் இரண்டே வழி. ஒன்று, எதிர்த்தீ: ரோட்டையோ தீத்தடுப்புக் கோட்டையோ முதுகுக்கு வைத்துக்கொண்டு, வருகிற தீயை நோக்கி நாமே பற்றவைப்பது. இரண்டும் சந்திக்கிற இடத்தில் தின்ன எதுவும் மிஞ்சாது. கைதேர்ந்தவர் செய்ய வேண்டிய வேலை. காற்று திரும்பினால் அதுவே இரண்டாவது காட்டுத்தீ. இன்னொன்று, திங்கட்கிழமை வந்த விமானப்படையின் எம்ஐ-17 ஹெலிகாப்டர்கள். ராட்சத வாளியில் தண்ணீர் மொண்டு கொட்டின. டிவியில் பார்க்க அற்புதம். ஆனால் கோடு என்கிறார்களே, அது டிவிக்கு வராத வேலை. மழை நின்று புல் காயத் தொடங்கும்போதே பட்டையாகச் செதுக்கி, பனி ஈரம் இருக்கையிலேயே கட்டுப்பாடாக எரித்துவிடுவது. தாமதமானால் கோடு எரிக்கப் போன தீயே காட்டுக்குள் ஓடிவிடும். செயற்கைக்கோள் வெப்பப் புள்ளியைப் பார்த்து டேராடூனிலிருந்து வனத்துறைக்காரர்களின் போனுக்குச் செய்தி வருகிறது, நல்லதுதான்; இறங்கி அடிக்க ஆள் வேண்டுமே.

அந்த ஆள் எங்கிருந்து வருவார்? காட்டை ஒட்டிய கிராமத்திலிருந்துதான். தீயும் பல சமயம் அங்கிருந்துதான். நம் நாட்டில் காட்டுத்தீ பெரும்பாலும் மனிதன் வைப்பது. வீசிய பீடி, வயலில் எரித்த சருகு, சில சமயம் கோபம். மாடு மேய்க்க விடவில்லை, யானை மிதித்த ராகிக்கு நஷ்டஈடு வரவில்லை. “எங்க ஊர்லயும் கோபக்காரன் இருக்கான் சார்” என்றார் தீக்காவலர், யார் என்று சொல்லாமல். யானை லத்திக்குள் கங்கு வைத்தால் மணிக்கணக்கில் புகைந்து, வைத்தவன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பற்றும் என்று விளக்கவும் செய்தார்.

சாயங்காலம் எங்கள் பகுதியில் தீ அடங்கியது. நான் கிளம்பத் தயாரானேன். அவர் விழுந்து கிடந்த ஒரு மரத்தடியில் உட்கார்ந்து அதன் பொந்தில் குச்சியை விட்டுக் கிளறினார். வெளியே சாம்பல், உள்ளே ரத்தச் சிவப்பாகக் கங்கு. “இது மூணு நாள் இருக்கும். ராத்திரி காத்து வந்தா எழுந்துக்கும்.” கையை நீட்டினார். பாட்டிலைக் கொடுத்தேன். பொந்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, மண்ணைப் போட்டுக் குழைத்து, மறுபடி ஊற்றினார். அரை பாட்டில் செலவானது. அன்று நான் பெங்களூரிலிருந்து கொண்டுபோனதில் தீயை அணைத்தது அது ஒன்றுதான்.